பழைய மென்பொருள் குப்பையல்ல



"புதியது வந்தாயிற்று, பழையதை வைத்து என்ன பயன்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பழைய பணிசெயல் முறைமைகளைப் பற்றித்தான் பேச்சு. கணினி படிப்பிக்கும் நாம் இதற்கு மௌனமாக இருக்க முடியாது.

யுனிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் தொடங்கிய வேலை அது. இன்று உங்கள் கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசியின் லினக்ஸும் ஐபோனும் அந்த வழி வந்தவைதான். இவ்வளவு பெரிய பரம்பரையின் முதல் செய்நிரல் எப்படித் தப்பியது தெரியுமா? யாரோ காகிதத்தில் அச்சிட்டதை வீசாமல் வைத்திருந்தார்கள். 2016 இல் அது வெளியே வந்தது. ஆர்வலர்கள் அதைத் திரும்பத் தட்டச்சு செய்து, விடுபட்டவற்றை எழுதிச் சேர்த்து, மீண்டும் இயங்க வைத்தார்கள். அந்தக் காகிதக் கட்டு குப்பைக்குப் போயிருந்தால்?

"உரிமை எங்களுடையது" என்று பூட்டி வைப்பவர்களுக்கும் ஒரு கேள்வி. எம்.எஸ்.டொஸ் ஆரம்பப் பதிப்புகளின் மூலக் குறிமுறையை மைக்ரோசொப்ட் 2014 இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியிட்டது. 2018 இல் எவரும் பயன்படுத்தத் திறந்தே விட்டது. அதனால் அந்த நிறுவனத்தின் குடி மூழ்கிவிட்டதா? விற்பனை முடிந்து பல பத்தாண்டுகள் கடந்த பொருளை மற்றவர்கள் ஏன் இன்னும் பூட்டி வைக்க வேண்டும்?

"அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்ளும்" என்பதும் சரிவராது. மைக்ரோசொப்ட் இணை நிறுவுனர் போல் அலன் சியாட்டிலில் அமைத்த கணினி அருங்காட்சியகம் 2020 இல் மூடப்பட்டது. 2024 இல், இனித் திறக்காது என்று அறிவித்து, சேகரிப்பில் ஒரு பகுதியை ஏலத்தில் விட்டார்கள். பணக்காரர் கட்டியதற்கே இந்தக் கதி. ஒரே இடத்தில் இருப்பது ஒருநாள் இல்லாமல் போகும். பிரதிகள் பல இடங்களில் இருக்க வேண்டும்.

காந்த நாடாவும் நெகிழ்வட்டும் வைத்த இடத்திலேயே பழுதாகிவிடும். அவை நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். சில ஆயிரம் வரிகளில் ஒன்றை மனிதர்கள் எழுதி முடித்தார்கள் என்று கண்ணால் கண்டால்தான், "நாமும் எழுதலாம்" என்ற எண்ணம் வரும். இல்லையென்றால் கடைசிவரை மற்றவன் செய்ததை வாங்கிப் பாவிப்பவர்களாகவே இருப்போம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய நெகிழ்வட்டு, கையேடு ஏதும் இருந்தால் வீசுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். பாடசாலைக் கணினிக் கூடத்தில் அவற்றுக்கு ஒரு தட்டு ஒதுக்குவது பெரிய செலவல்ல.