பொதுப் பகுதி சிறியதாக இருக்கட்டும்

பின்னக் கூட்டல் என்றதும் நம் மாணவியர் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "பகுதிகளைப் பெருக்கிவிடு, விடை வந்துவிடும்" என்று குறுக்கு வழி சொல்வோரும் உண்டு. விடை வரும் என்பது உண்மையே. ஆயினும், மீச்சிறு பொதுப் பகுதியைத் தேடிக் காணும் பழக்கமே சிறந்தது என்பது என் துணிபு.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்குப் பின்னங்களின் பெயர்கள் மனப்பாடம். 1/20 என்பது மா. 1/80 என்பது காணி. 1/320 என்பது முந்திரி. மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள்: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. அதன் பெயரே மாகாணி! ஒரு கூட்டல் கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இனி மாகாணியோடு மாவைக் கூட்டுவோம். 16ஐயும் 20ஐயும் பெருக்கினால் 320. விடை 36/320, அதாவது 36 முந்திரி. அவற்றின் மீச்சிறு பொது மடங்கோ 80. விடை 9/80, அதாவது 9 காணி. இரண்டும் ஒன்றே. ஆனால் எது மனத்தில் எளிதாக நிற்கிறது? 1/12, 1/16, 1/20 ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டுமானால், பெருக்கினால் பகுதி 3840. தேடிக் கண்டால் 240. தேர்வில் பிழை நுழைவது அந்தப் பெரிய எண்களில்தான்.

"பிறகு சுருக்கிக்கொள்ளலாமே" என்பீர்கள். சுருக்குவதற்கும் காரணிகளைத் தேடத்தானே வேண்டும்? அதை முதலிலேயே செய்தால் வேலை குறையும். மேல் வகுப்பில் இயற்கணிதப் பின்னங்கள் வரும்போதும் இப்பழக்கமே கைகொடுக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியில் தோல் வேலை செய்வோர் தோலைச் சதுர அடியிலும் அதன் காலிலும் அளப்பதை அறிவர். 6¼, 5½, 7¾ சதுர அடித் தோல்கள் மூன்றையும் கால்களாக்கினால் 25 + 22 + 31 = 78 கால்; அதாவது 19½ சதுர அடி. நெமிலியில் உள்ள நம் வீடுகளிலும் இத்தகைய கணக்குகளைப் பிள்ளைகளிடம் கேட்கலாமே!

பின்னத்தில் தடுமாறும் சிறுமி, "எனக்குக் கணக்கு வராது" என்று தானே முடிவு கட்டிவிடுகிறாள். அந்த முடிவு அவள் எதிர்காலப் படிப்பையே மாற்றிவிடும். ஆகவே ஆசிரியைகள் இப்பாடத்தை அவசரமாக முடிக்காமல், இன்னும் சில நாட்கள் பொறுமையாக நடத்த வேண்டுகிறேன். மாணவியரே, பெருக்குமுன் ஒரு கணம் நின்று தேடுங்கள்!