பிள்ளையின் கட்டியைப் பிள்ளையே மொழிபெயர்ப்பதா?

எமது ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டால் அதற்கொரு பெயரும் கைமருந்தும் உடனே கிடைத்துவிடும். காதடி வீங்கினால் கூகைக்கட்டு. தலையில் பேன்புண் இருந்து பிடரியில் உருண்டால் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். மாலைபோலத் தொடர்ந்து வந்து, நாட்பட்டு உடைந்தால் கண்டமாலை. அயல்வீட்டு ஆச்சியோ பரியாரியாரோ தொட்டுப் பார்த்துச் சொல்லும் அந்த ஒரு சொல், தாயின் கவலையில் பாதியைத் தீர்த்துவிடும். (அச்சொல் எப்போதும் சரியாக இருந்தது என்று நாம் வாதிட வரவில்லை.)

இலண்டனில் அந்த ஆச்சி இல்லை. தலை வாரும்போது தாயின் விரலில் தட்டுப்பட்ட கட்டி அவளது உறக்கத்தைக் கெடுக்கின்றது. வைத்தியரிடம் சென்றால் ஆங்கிலத்தில் பேசவேண்டும். வீட்டில் ஆங்கிலம் நன்கு அறிந்தவர் யார்? அந்தப் பிள்ளைதான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் எம்மிடம் பயிலும் பதினொரு வயது மாணவி ஒருத்தி, ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தன் கொப்பியின் ஓரத்தில் எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லைக் காட்டி, "இதுக்குத் தமிழ் என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். லிம்போமா என்று எழுதியிருந்தது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் அது. பொருளை அவள் ஏற்கெனவே கைத்தொலைபேசியில் பார்த்து அறிந்திருந்தாள். தாய்க்குச் சொல்லத் தமிழ்தான் தெரியவில்லை. பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த எமக்கு அன்று வாய் எழவில்லை.

நடந்தது இதுதான். (தாயின் இசைவுடனேயே எழுதுகின்றோம்.) கழுத்துக் கட்டியைக் காட்டத் தாயும் மகளும் வைத்தியரிடம் சென்றனர். மொழிபெயர்ப்பாளர் இல்லை, மகளே இடையில் நின்று பேசினாள். பெரும்பாலும் அச்சப்பட ஒன்றுமிராது, எனினும் இந்த நோய் இல்லையென்று உறுதி செய்யவேண்டும் என வைத்தியர் கூறினார். அம்மா அழுவாரே என்று அஞ்சிய பிள்ளை, "இரத்தம் பார்க்கவேணுமாம்" என்று மட்டும் சொன்னாள். தாய் நிம்மதியாக வீடு திரும்பினாள். அச்சொல்லை ஒன்பது நாட்கள் தனியே சுமந்தவள் அந்தப் பிள்ளை.

இன்னொரு தவறும் அங்கே நேர்ந்தது. வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்று வைத்தியர் கேட்டிருந்தார். இல்லை என்றாள் தாய். அவர்களுடன் தங்கியிருந்த மாமன், இங்கு வருமுன் வேறொரு நாட்டில் அதற்கு மருந்து உட்கொண்டு, இடையில் நிறுத்திவிட்டவர். அதைப் பிள்ளையின் காதுபட எப்படிச் சொல்வது? நாளை பள்ளியில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தத் தாயை நாம் குறைகூற மாட்டோம். பிள்ளையின் வாய்வழியாகப் பேசும் எந்தப் பெற்றோரும் பாதியைத்தான் பேசுவர்.

மறுமுறை முறையான மொழிபெயர்ப்பாளருடன் சென்றபோது தாய் எல்லாவற்றையும் கூறினாள். கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரி, அது காசநோய் என்று காட்டியது. எமது முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதையே. ஒருகாலத்தில் இந்நாட்டவரும் இதற்கு மருந்தின்றி, அரசரின் கை பட்டால் மாறும் என்று நம்பினர். அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன் சிறு குழந்தையாக இருந்தபோது, 1712இல், ஆன் அரசியிடம் இதற்காகவே கொண்டுசெல்லப்பட்டார். இன்று வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை உட்கொண்டால் குணமாகும். இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சைக்கு எவரிடமும், வதிவிட அனுமதி அற்றவரிடமும்கூட, கட்டணம் அறவிடப்படுவதில்லை. மாணவி மாத்திரைகளை முடித்துவிட்டாள். மாமனுக்கும் மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது.

பிள்ளைகளின் கழுத்துக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தடிமன், தொண்டை நோவு, காதுநோய், சொத்தைப்பல், பேன்புண், பூனைக் கீறல் போன்றவற்றால் வருபவை. சில வாரங்கள் இருந்து மெல்ல வற்றும். ஆனால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது, நாளுக்குநாள் வளர்வது, கல்லைப்போல் கடினமாகி அசையாதிருப்பது, காறை எலும்புக்கு மேலே தோன்றுவது, காரணமற்ற காய்ச்சலோ மெலிவோ உடை நனையும் இரவு வியர்வையோ கூட வருவது ஆகியவற்றுக்கு எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. காரணம் விளங்காத நெறிவீக்கமுள்ள பிள்ளையை 48 மணி நேரத்துள் நிபுணரிடம் அனுப்புவதுபற்றி வைத்தியர் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் வழிகாட்டல் கூறுகின்றது. அவ்வாறு விரைந்து அனுப்பினால் புற்றுநோய் என்று தீர்ப்பாகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அதுவேயாயினும், பிள்ளைகளுக்கு வரும் ஹொட்ச்கின் வகை லிம்போமாவில் மிகப் பெரும்பாலானோர் இன்று குணமடைகின்றனர்.

இவற்றையெல்லாம் வைத்தியர் தாய்க்கு விளக்கவேண்டும். தாய் கேள்வி கேட்கவேண்டும். இடையில் நோயாளிப் பிள்ளையை நிறுத்தினால் இரண்டும் நடவாது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும், உடனடிச் சிகிச்சை தேவைப்படும் நெருக்கடியிலன்றி, 16 வயதுக்குட்பட்டோரை மொழிபெயர்க்க வைத்தல் ஏற்கத்தக்கதன்று என்கின்றது. மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் செலுத்தவேண்டியதில்லை. இருந்தும் பல இடங்களில் நாம் கேட்காவிட்டால் அவர்களாகத் தருவதில்லை. கேட்பதை நாம் ஏதோ இரந்து நிற்பதாக எண்ணிக் கூசுகின்றோம்.

வேறொரு தயக்கமும் எமக்குத் தெரியும். "வாறவர் எங்கட ஆளாத்தான் இருப்பார், ஊரெல்லாம் சொல்லிப்போடுவார்" என்று அந்தத் தாயும் முதலில் மறுத்தாள். நியாயமான அச்சமே. மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது அத்தொழிலின் கட்டுப்பாடு. அதற்கு மேலும் ஐயமிருந்தால் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், முகம் தெரியாது. நேரம் பதியும்போதே, "தமிழ் இன்ரப்பிரெற்றர், ரெலிபோன்" என்று சொன்னால் போதும். பெண் குரல் வேண்டுமாயின் அதையும் கேட்கலாம். பிள்ளை உடன் வரட்டும், பரிசோதிக்க அவள் அங்கே இருக்கத்தானே வேண்டும். அவளுக்கு எதை, எந்தச் சொல்லால் கூறுவது என்பதை வைத்தியருடன் கலந்து முடிவுசெய்யவேண்டியவர்கள் பெற்றோர்.