ஆட்டத்துக்கு இடமுண்டு, ஆளுக்கு இடமில்லையாம்

போன கிழமை இங்கே மிசிசாகாவில் ஒரு பிறந்தநாள் வீடு. கதை உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் தொடங்கியது. "எங்கட சிற்றி இப்ப உலகத்தரம் அண்ணை, எவ்வளவு சனம் வந்தாலும் தாங்கும்" என்றார் ஒரு நண்பர். பத்து நிமிடத்தில் கதை புதிதாக வரும் அகதிகள் பக்கம் திரும்பியது. அதே வாய் சொன்னது: "உவங்களை இனியும் உள்ளுக்கு விட்டால் ஊர் தாங்காது."

கையிலிருந்த றோல்ஸ் தொண்டைக்குள் இறங்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். கோபிக்காதேயுங்கோ.

முதலில் ஆட்டக் கணக்கு. 2026 உலகக் கிண்ணத்தில் ரொறன்ரோவின் பங்கு ஆறு ஆட்டம். 2018 இல் சொன்ன செலவு 30 முதல் 45 மில்லியன் டொலர். 2022 இல் அது ஏறக்குறைய 290 மில்லியன். 2024 இல் 380 மில்லியன். ஓர் ஆட்டத்துக்கு 60 மில்லியனுக்கு மேல்! பி.எம்.ஓ. ஃபீல்டில் இருந்த இருக்கைகள் போதாதென்று 17,000 தற்காலிக இருக்கைகள் வேறு. கழற்றுவதற்கென்றே பூட்டுகிறவை. மொன்றியலும் முதலில் பட்டியலில் இருந்த நகரம்தான். செலவு கூடிப்போச்சென்று கியூபெக் அரசு கையை விரிக்க, 2021 இல் விலகிக்கொண்டது. அதனால் மொன்றியலின் மானம் ஒன்றும் போய்விடவில்லை.

நான் உதைபந்தாட்டத்துக்கு எதிரியில்லை. ஊரில் அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு பந்தடித்தவன். என் கோபம் 'தாங்கும்' என்ற சொல்லின் மேல்தான்.

மற்றக் கணக்கையும் பாருங்கள். 2023 கோடையில் ரொறன்ரோ பீற்றர் வீதியில், தங்குமிட உதவி நிலைய வாசலில், அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் படுத்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்கர்கள். அது மத்திய அரசின் பொறுப்பு என்றது நகரம். சனம் தெருவில் கிடக்கும் படம் பேப்பரில் வந்த பிறகே காசு அசைந்தது. அதே வருடம் நவம்பரில் எங்கள் மிசிசாகாவிலேயே, ஒரு தங்குமிடத்துக்கு வெளியே, கூடாரத்துக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். அவரும் அகதிக் கோரிக்கையாளர்தான்.

17,000 இருக்கை பூட்டத் தெரிந்தவர்களுக்குச் சில நூறு கட்டில் போடத் தெரியாதா? "அது வேறு காசு, இது வேறு காசு" என்பீர்கள். ஆட்டச் செலவுக்கு ஒட்டாவாவும் ஒன்ராறியோவும் நகரமும் சேர்ந்து காசு போட முடிந்தது. கட்டில் என்றதும் ஆளுக்காள் கை காட்டினார்கள். இல்லாதது இடமில்லை, மனம்.

எங்கள் ஆட்களுக்கு ஒன்று. 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை ஏற்றியவர்கள் மீனவர்கள். 'ஊர் தாங்குமா' என்று அவர்கள் கேட்கவில்லை. 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது 'திருப்பி அனுப்பு' என்று கத்தியவர்களைப் பார்த்து நாங்கள் கொதித்தோம். இன்று அந்த வசனம் எங்கள் வாயில்.

நான் வந்த புதிதில் ஒரு பேஸ்மென்ட்டில் ஒன்பது பேர். முறை வைத்துப் படுத்தோம். பத்தாவது ஆள் பியர்சன் விமான நிலையத்திலிருந்து போன் எடுத்தபோது, இடமிருக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூட்டிவரப் போனான்.

அன்று போன் எடுத்தவர்தான் போன கிழமை 'ஊர் தாங்காது' என்றவர்.