கீரைக்குப் பேரம் பேசுகிறோம்... செல்போனுக்கு?

போன வருடம், சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவம். கூடமாட ஒத்தாசைக்கு, அம்மாவை அழைத்துக் கொண்டு மதுரையில் விமானம் ஏறினேன். முதல் வெளிநாட்டுப் பயணம். பிரசவ லேகியம், சுக்கு, இட்லிப் பொடி என்று பார்த்துப் பார்த்து மூட்டை கட்டிய நான், கையில் இருந்த செல்போனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

'பேங்க் ஓ.டி.பி., வரணும், அவசரத்துக்குப் பேசணும்' என்று சொல்லி, ரோமிங் வசதியைப் போட்டுக் கொடுத்தவர் என் கணவர்தான். தங்கை வீட்டில் வை-பை இருந்தது. ஆனால், ஆஸ்பத்திரிக்கும் தேக்கா மார்க்கெட்டுக்கும் போகிற வழியெல்லாம், போன் தன் பாட்டுக்கு ரோமிங்கில் வேலை பார்த்திருக்கிறது. சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்து விழும், 'காலை வணக்கம்' வீடியோக்களை அதுவே இறக்கிக் கொண்டது. நான் எடுத்த குழந்தை படங்களை, அதுவே எங்கோ ஏற்றிப் பத்திரப்படுத்தியது.

'குழந்தை யாரு சாயல்?' என்று ஊரிலிருந்து கூப்பிட்டவர்களிடமும் ஆற அமரப் பேசினேன். கூப்பிட்டவர்களுக்குத்தானே காசு என்ற நினைப்பு. ரோமிங்கில், நமக்கு வருகிற அழைப்புக்கும் நம் தலையில்தான் காசு என்பது, பில் வந்த பிறகே தெரிந்தது.

பில், 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

'வீட்ல சும்மா இருக்கிறவளுக்கு எதுக்கு இந்தப் போனு?' என்று சத்தம் போட்டார் கணவர். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டியபோது, கூனிக் குறுகிப் போனேன்.

ஆறிய பிறகு யோசித்தேன். போட்டுக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. கொண்டு போன எனக்கும் தெரியவில்லை. தெரியாதது இரண்டு பேருக்கும்; திட்டு மட்டும் எனக்கு! வெட்கத்தை விட்டு, எட்டாவது படிக்கும் மகளிடம் உட்கார்ந்து கேட்டேன். அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்து விட்டாள்.

விமானம் ஏறும் முன், செட்டிங்சில், 'டேட்டா ரோமிங்'கை அணைத்து விட வேண்டும். ஓ.டி.பி., எஸ்.எம்.எஸ்., ஆகத்தான் வரும். அதற்கு டேட்டா தேவையில்லை. வாட்ஸ்-அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தி விட வேண்டும். போகிற ஊர் மேப்பை, வீட்டு வை-பையிலேயே இறக்கி வைத்துக் கொள்ளலாம். நாலைந்து நாள் பயணம் என்றால், நம் கம்பெனியின் வெளிநாட்டு பேக்கை, எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று கேட்டு, கிளம்பும் முன்பே போட்டுக் கொள்ளலாம். மாதக்கணக்கில் தங்குவதென்றால், பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த ஊர் சிம் வாங்குவதே லாபம். சொந்தக்காரர்களிடம், 'போன் பண்ணாதீங்க, மெசேஜ் போடுங்க. வை-பை கிடைக்கிறப்ப நானே வாட்ஸ்-அப்பில் கூப்பிடுறேன்' என்று முன்கூட்டியே சொல்லி விட்டால், மனஸ்தாபமும் வராது.

ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள், 2017 ஜூன் 15 முதல், ரோமிங்குக்கு என்று தனிக் கட்டணம் வாங்குவதை நிறுத்தி விட்டார்களாம். சிங்கப்பூர், துபாய், கொழும்பு என்று பிள்ளைகளை அனுப்பி விட்டுக் காத்திருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும், அப்படி ஒரு காலம் வரட்டும். அது வரும் வரை, நாம்தான் சூதானமாக இருக்க வேண்டும்.

கீரைக்காரம்மாவிடம், 2 ரூபாய்க்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டும் நாம், 'போன் விஷயம் அவங்க பாத்துக்குவாங்க' என்று ஒதுங்குவது ஏன் தோழியரே? செலவுக்குத் திட்டு வாங்குவது நாம் என்றால், அதைக் கற்றுக் கொள்ள வேண்டியதும் நாம்தானே!

தங்கை குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு மறுபடியும் போகிறேன். 'அந்த ரோமிங்கை என்ன பண்ணணும்?' என்று, இப்போது கணவர் என்னிடம் கேட்கிறார்!

— ஒரு வாசகி, வில்லாபுரம், மதுரை.