வெளிச்சம் சரக்கின் உள்ளே இருக்கிறது

கொல்லிமலை அடிவாரத்து வியாபாரிகளான நமக்கு மஞ்சள் புதிய சரக்கல்ல. மலையிலிருந்து மிளகும் காப்பியும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகின்றன. கீழே நாமகிரிப்பேட்டையில் விரலி, உருண்டை, பனங்காளி என்று மஞ்சள் ஏலம் போகிறது. மூட்டையைப் பிரித்ததும் நாம் பார்ப்பது நிறத்தைத்தான். ஆனால் மஞ்சளுக்குள் வெளிச்சமும் இருக்கிறது!

2015-ம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் மஞ்சள் சாற்றையும் மாதுளைச் சாற்றையும் அமிலம் சேர்த்த ஆல்கஹாலில் அளவாகக் கலந்து, அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். மாதுளைச் சாறு நீலமும் செம்மஞ்சளும் தந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின் பச்சை தந்தது. எல்லாம் சேர்ந்து வெண்ணிற ஒளியானது. இன்றைய செல்போன் திரைகள் பலவற்றில் ஒளிர்வதும் கரிமப் பொருள்கள்தாம். அவை தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இங்கே ஒளிர்ந்ததோ நம் கடைச் சரக்கு.

நாளையே மஞ்சள் விளக்கு விற்பனைக்கு வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு நம் கல்லாவில் இருக்கிறது. சிறிது மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்து இருட்டில் அதன்கீழ் பிடித்தால், பச்சை கலந்த ஒளி தெரியும். இது வேடிக்கைதான், கலப்படச் சோதனை ஆகாது. கொஞ்சம் குர்குமின் இருந்தாலும் ஒளிரும். மிச்சம் என்னவென்று காட்டாது.

நாம் சொல்ல வருவது வேறு. மஞ்சளின் மதிப்பு உள்ளே இருக்கும் குர்குமினில் இருக்கிறது. நாமோ மேல்மினுக்கைப் பார்த்து விலை வைக்கிறோம். பளபளப்புக்கு விலை கொடுத்தால், ஈயக் குரோமேட்டும் மெட்டானில் சாயமும் பூசுபவனுக்குத்தான் ஆதாயம். நல்ல சரக்கு கொண்டுவரும் விவசாயிக்கு நட்டம். அதை உண்ணும் பிள்ளைகளுக்குக் கேடு.

சட்டமும் நம்மை விடாது. யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவரே பொறுப்பு. ஆகவே பில் இல்லாத மஞ்சள் தூளைக் கடையில் ஏற்ற வேண்டாம். மொத்த வியாபாரிகள் குர்குமின் அளவைச் சோதித்துச் சீட்டோடு சரக்குத் தரட்டும். அதற்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நாம் தயங்க வேண்டாம். வாடிக்கையாளரின் நம்பிக்கைதான் நமது முதல்.