வெட்டியவர் பெயர் எங்கே?

போடிமெட்டுச் சரிவினின்று இறங்கிவரும் கொட்டக்குடியாற்று நீரைக் கண்டு வளர்ந்தவன் யான். கால், மடை, மதகு, கலிங்கு என்னும் சொற்களை எம்மூர் உழவர் பள்ளியிற் கற்றாரல்லர், வயலிற் கற்றனர். அண்மையில் சென்னை சென்றிருந்தபொழுது, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நடந்த மரபுநடை ஒன்றிற் கலந்துகொண்டேன். நடந்தோர் தமிழர், விளக்கியவரும் தமிழரே. விளக்கமோ முற்றும் ஆங்கிலம்!

1806-இல் காக்கிரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டுவித்ததும், 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் சூட்டப்பெற்றதும் சொல்லப்பட்டன. பிழையில்லை. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதியை 1877-78-இல் வெட்டியவர் யாவர்? நம் மக்கள் தாதாண்டுப் பஞ்சம் என்று இன்றும் நடுங்கிச் சொல்லும் அக்கொடுமையில், ஊரும் உழுநிலமும் துறந்து சோறு தேடி வந்தவர்கள். 1877-இன் தொடக்கத்தில், பஞ்சப் பணிக்கு வந்த ஆடவன் ஒருவனுக்குச் சென்னை மாநிலத்தில் ஆங்கில அரசு வரையறுத்த நாட்கூலி ஏறத்தாழ 450 கிராம் தவசமும் ஓரணாவும். பெண்டிர்க்கும் சிறார்க்கும் அதனினும் குறைவு. சிறைப்பட்டவனுக்கும் இதனினும் மிகுதியாகச் சோறு கிடைத்திருக்கும்! மண் சுமந்த அம்மக்களைப் பற்றி அன்று ஒரு சொல்லும் எழவில்லை. கோமகன் மண்வெட்டி பிடித்தானா?

நீர்மட்டங் காக்கக் கால்வாயில் அமைந்திருந்த கதவுகளைப் பற்றியும் நெடிய ஆங்கில விளக்கம். உடன்வந்த சிறுவன் ஒருவன் விழித்தான். 'படகு செல்லும் மதகு' என்று யான் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

பாவேந்தர் பாரதிதாசனார் இக்கால்வாயிற் படகேறிச் சென்றதைப் பாடி, 'மாவலிபுரச் செலவு' என்று பெயரிட்டார். செலவு என்றால் பணம் கரைவது மட்டுமே என்று எண்ணும் தலைமுறைக்கு அத்தலைப்பே ஒரு பாடம். அதனையும் ஒருவரும் நினைவூட்டவில்லை. படகு சென்ற அந்நீர்வழியில் 1990-களில் தூண் நாட்டிப் பறக்கும் தொடர்வண்டி விட்டனர்; கீழே இன்று சாக்கடை.

தமிழில் மரபுநடை நடத்துவோரும் உளர், அவர் வாழ்க. அரசு செய்யவேண்டியது ஒன்றுண்டு. பஞ்சத்தில் வாடியோர் வெட்டிய கால்வாய் இது என்று, வெட்டிய ஆண்டோடு, மயிலைக் கரையில் தமிழில் ஒரு கல் நடுக.

போடியிலிருந்து சென்னைக்கு 2023 முதல் நேர்த்தொடர்வண்டி உண்டு. வரும் விடுமுறையில் எம் மாணவரை அழைத்துச் செல்வேன். விளக்கம் யானே சொல்வேன்.