பையின் அடியில் கிடக்கும் தோட்டா

அமெரிக்க விமானங்களில் துப்பாக்கியின் ஸ்கோப்பைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். அது வெறும் கண்ணாடிக் கருவி என்பதால், அந்நாட்டு விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ. தடுப்பதில்லை. அதே பையில் காலி மேகசினோ போல்ட்டோ இருந்தால் அனுமதியில்லை. அவை செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். துப்பாக்கி என்றால் குண்டுகளை அகற்றி, உறுதியான பெட்டியில் பூட்டி, விமான நிறுவன கவுன்ட்டரில் சொல்லியாக வேண்டும்.

விதி தெளிவானதுதான். ஆனாலும் 2023-ல் அந்நாட்டுச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. ‘மறந்துவிட்டேன்’ என்பதே பிடிபடுவோர் வழக்கமாகச் சொல்லும் காரணம். குண்டு நிரப்பிய துப்பாக்கியை மறப்பதை நம்மால் மன்னிக்க முடியவில்லை.

பையின் மடிப்பில் ஒளிந்த ஒற்றைத் தோட்டாவின் கதை வேறு. அங்கே துப்பாக்கி சுடும் களத்துக்கு எடுத்துப்போன பையோடு இந்தியாவுக்கு வருபவர், இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்கைச் சந்திக்க நேர்கிறது. தோட்டா இருப்பதை அறிந்தே வைத்திருந்தாரா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அறியாமல் வந்தது என்று கண்டு, டெல்லி உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது. அதுவரை தவறிய விமானமும், அலைச்சலும், வக்கீல் செலவும் பயணியின் தலையில்தான்.

களத்துக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறொரு பை என்று பயணிகள் பிரித்துக்கொள்ள வேண்டும். விமான நிறுவனங்களும் இந்தியா வருவோரிடம் இந்தச் சட்டத்தை டிக்கெட் பதிவின்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.